ஆறு நாள் எரிந்த சுடர்

கடலடிப் பனிக்கட்டிக்குள் கணக்கிட முடியாத அளவுக்கு எரிவாயு அடைபட்டுக் கிடக்கிறது. இருக்கும் இடம் தெரியும், எடுக்கும் வழியும் ஓரளவு தெரியும். ஆனாலும் அந்தக் கடலடி வாயு இன்றுவரை ஒரு வீட்டு அடுப்புக்குக்கூட வந்து சேரவில்லை. தடையாக நிற்பது எது?

2013 மார்ச் 12. ஜப்பானின் அட்சுமி, ஷிமா தீபகற்பங்களுக்குத் தெற்கே நடுக்கடலில் 210 மீட்டர் நீளமுள்ள ஒரு துரப்பணக் கப்பல் நின்றுகொண்டிருந்தது. பெயர் ‘சிக்யூ’. ஜப்பானிய மொழியில் ‘பூமி’ என்று பொருள். அதன் பின்புறம் நீட்டியிருந்த குழாயின் நுனியில் அன்று ஆரஞ்சு நிறச் சுடர் ஒன்று பற்றிக்கொண்டது. கடலுக்கு அடியில் உறைந்து கிடந்த மீத்தேன் ஹைட்ரேட்டை உருக்கி மனிதர்கள் எரித்த முதல் சுடர் அது.

ஃபுகுஷிமா அணுமின் நிலைய விபத்து நடந்து சரியாக இரண்டு ஆண்டு முடிந்திருந்த நேரம். அணு உலைகள் ஒவ்வொன்றாக நிறுத்தப்பட்டிருந்தன. கப்பல் கப்பலாகத் திரவ எரிவாயுவை இறக்குமதி செய்து அதற்குக் கொட்டிக்கொடுத்துக்கொண்டிருந்தது ஜப்பான். சொந்த மண்ணில் எண்ணெயோ வாயுவோ அதிகம் இல்லாத அந்த நாட்டின் சொந்தக் கடலுக்கு அடியிலிருந்து ஒரு சுடர் எழுந்தால் எப்படி இருந்திருக்கும்!

ஆறாவது நாள் கிணற்றுக்குள் மணல் புகுந்தது. வானிலையும் மோசமாகிக்கொண்டிருந்தது. பம்பை நிறுத்தினார்கள், சுடர் அணைந்தது. ஆறு நாளில் கிடைத்தது ஏறத்தாழ 1.2 லட்சம் கன மீட்டர் வாயு. வெப்பக் கணக்கில் பார்த்தால், நம் வீட்டுக்கு வரும் 14.2 கிலோ சிலிண்டரில் சுமார் 6,800.

அந்தச் சுடர் ஏன் ஆறு நாளுக்கு மேல் எரியவில்லை என்ற கேள்விக்கான பதிலில்தான் எரிவாயு ஹைட்ரேட்டின் மொத்தச் சிக்கலும் அடங்கியிருக்கிறது.

பனிக்கூண்டும் கைதியும்

மீத்தேன் ஹைட்ரேட்டைக் கையில் வாங்கிப் பார்த்தால் அழுக்கேறிய பனிக்கட்டி போலத்தான் இருக்கும். தீக்குச்சியைக் காட்டினால் எரியும். எரிய எரியத் தண்ணீர் சொட்டும்.

குளிரும் அழுத்தமும் ஒருசேரக் கூடினால் தண்ணீர் மூலக்கூறுகள் கைகோத்துக்கொண்டு கூண்டு போன்ற வடிவங்களை அமைக்கின்றன. ஒவ்வொரு கூண்டுக்குள்ளும் ஒரு மீத்தேன் மூலக்கூறு சிறைப்படுகிறது. மீத்தேனுக்கும் தண்ணீருக்கும் இடையே வேதிப் பிணைப்பு எதுவும் கிடையாது. கைதி உள்ளே இருப்பதால் கூண்டு நிற்கிறது, கூண்டு நிற்பதால் கைதி உள்ளே இருக்கிறான். ஏறத்தாழ ஆறு தண்ணீர் மூலக்கூறுக்கு ஒரு மீத்தேன் என்பது விகிதம். இப்படி நெருக்கி அடைபட்டிருப்பதால், ஒரு கன மீட்டர் ஹைட்ரேட்டை உருக்கினால் சாதாரணச் சூழலில் ஏறத்தாழ 164 கன மீட்டர் வாயு விரிந்து வெளிவருகிறது. கூடவே 0.8 கன மீட்டர் தண்ணீரும் வரும்.

இந்தக் கூண்டை முதலில் கண்டவர் ஆங்கிலேய வேதியியலாளர் ஹம்ஃப்ரி டேவி. 1810-இல் குளோரின் வாயுவைத் தண்ணீரோடு சேர்த்துக் குளிர்வித்தபோது அவருக்கு அது தென்பட்டது. அதன்பின் நூறாண்டுக்கு மேல் ஆய்வகத்து வேடிக்கையாகவே இருந்தது. 1934-இல் அமெரிக்கப் பொறியாளர் ஹேமர்ஷ்மிட், குளிர்காலத்தில் எரிவாயுக் குழாய்களை அடைத்துக்கொள்வது வெறும் பனிக்கட்டி அல்ல, ஹைட்ரேட் என்று நிறுவினார். அன்றிலிருந்து எரிவாயுத் தொழிலில் அது ஒரு தொல்லையின் பெயராயிற்று. 1960-களில் ரஷ்ய அறிவியலாளர் யூரி மகோகானும் அவரோடு பணிபுரிந்தவர்களும், இயற்கையே நிலத்துக்கடியில் ஹைட்ரேட்டைச் சேர்த்து வைத்திருக்கிறது என்று சொன்ன பிறகுதான் அந்தத் தொல்லை புதையலாகத் தெரியத் தொடங்கியது.

ஹைட்ரேட் நிலைத்திருக்கும் சூழல் பூமியில் இரண்டு இடங்களில் அமைகிறது. ஒன்று, சைபீரியா, அலாஸ்கா, வட கனடா போன்ற துருவப் பகுதிகளில் ஆண்டு முழுவதும் உறைந்து கிடக்கும் நிலம். மற்றொன்று, சுமார் 500 மீட்டருக்கு மேல் ஆழமுள்ள கடல்களின் அடிவண்டல். ஆழ்கடலின் அடியில் தண்ணீர் 2 முதல் 5 டிகிரி வரைதான் இருக்கும். மேலே நிற்கும் கடலின் எடை அழுத்தத்தைத் தருகிறது. வண்டலில் புதைந்த உயிர்ப்பொருளை நுண்ணுயிர்கள் சிதைத்து மீத்தேனை உண்டாக்குகின்றன. அது மேலே கசிந்து வரும் வழியில் கூண்டுக்குள் அகப்படுகிறது.

மீத்தேன் என்ற சொல்லைக் கேட்டதும் காவிரிப் படுகை மக்களுக்கு மன்னார்குடியும் நெடுவாசலும் நினைவுக்கு வருவது இயல்பு. அங்கே பேசப்பட்டது வேறு. நிலக்கரிப் படுகையின் நீரை இறைத்து வாயு எடுக்கும் திட்டம் ஒன்று, வயல்களுக்கு அடியிலிருந்து எண்ணெயும் வாயுவும் எடுக்கும் திட்டம் மற்றொன்று. இந்தக் கட்டுரை பேசுவது கரையிலிருந்து வெகுதூரம் தள்ளி, கடலின் தரைக்கும் கீழே உறைந்து கிடக்கும் வாயுவைப் பற்றி.

எண்ணின் மயக்கம்

1988-இல் அமெரிக்க ஆய்வாளர் கீத் குவென்வோல்டன், உலகின் ஹைட்ரேட்டுகளில் 20,000 லட்சம் கோடி கன மீட்டர் அளவுக்கு மீத்தேன் இருக்கலாம் என்று மதிப்பிட்டார். பின்வந்த மதிப்பீடுகள் பலவும் இதைவிடக் குறைவு. ஒன்றுக்கொன்று பல மடங்கு வேறுபடவும் செய்கின்றன. ஆனாலும் மேடைகளில் பெரிய எண்தான் நிலைத்துவிட்டது.

இந்தியாவுக்கும் அப்படி ஓர் எண் உண்டு. நம் கடற்பரப்புக்குக் கீழே 1,894 லட்சம் கோடி கன மீட்டர் இருக்கலாம் என்ற பழைய மதிப்பீட்டை அரசு அறிக்கைகளிலும் செய்திகளிலும் திரும்பத் திரும்பக் காணலாம். நாடு ஓராண்டில் பயன்படுத்தும் இயற்கை எரிவாயு 7,000 கோடி கன மீட்டர் என்று வைத்துக்கொண்டு வகுத்துப் பாருங்கள். இருபத்தேழாயிரம் ஆண்டுக்குப் போதும் என்று விடை வரும். இவ்வளவு பெரிய விடை வருகிறது என்றாலே கேள்வியைத் திருத்திக் கேட்க வேண்டும் என்றுதான் பொருள்.

எவ்வளவு இருக்கிறது என்பதோடு எதற்குள் இருக்கிறது என்றும் கேட்க வேண்டும். இத்துறையினர் ஹைட்ரேட் வளத்தை ஒரு கூம்பாக வரைந்து காட்டுவார்கள். உச்சியில் சிறு பகுதி, மணல் அடுக்குகளுக்குள் செறிவாக உறைந்திருக்கும் ஹைட்ரேட். அடியில் அகன்று பரந்து கிடப்பது, மெல்லிய களிமண்ணுக்குள் பொடிப்பொடியாகச் சிதறிய ஹைட்ரேட். மொத்த இருப்பின் மிகப்பெரும் பங்கு இந்த அடிப்பகுதியில்தான். உப்பு கடலெங்கும் இருந்தாலும் உப்பளம் எல்லாக் கரையிலும் அமைவதில்லை. அதுபோல, பெரிய எண்ணைத் தருவது களிமண், எடுக்கும் வாய்ப்பைத் தருவது மணல்.

திறக்கும் மூன்று வழிகள்

சாதாரண எரிவாயு வயலில் வாயு பாறையின் நுண்துளைகளில் அழுத்தத்தோடு காத்திருக்கும். துளையிட்டால் தானே பீறிட்டு வரும். ஹைட்ரேட் திடப்பொருள். துளையிட்டாலும் அசையாது. அது இருக்கும் இடத்திலேயே கூண்டை உடைத்து, வாயுவை மட்டும் மேலே கொண்டுவர வேண்டும்.

முதல் வழி, சூடேற்றுவது. கனடாவின் வடகோடியில் மெக்கன்சி ஆற்றின் கழிமுகத்தில் உள்ள மாலிக் என்ற இடத்தில் 2002-இல் ஜப்பான், கனடா, அமெரிக்கா, ஜெர்மனி, இந்தியா ஆகிய நாடுகள் கூட்டாக இதை முயன்றன. கிணற்றுக்குள் வெந்நீரைச் சுழலவிட்டார்கள். ஐந்து நாளில் கிடைத்த வாயு ஏறத்தாழ 500 கன மீட்டர்தான். முப்பது சிலிண்டருக்குக்கூடப் போதாது. வாயு வரும் என்பது உறுதியானது. கூடவே, கிணற்றைச் சுற்றியுள்ள மண்ணையும் பாறையையும் சேர்த்துச் சூடாக்கிக் கட்டுப்படியாகாது என்பதும் தெரிந்தது.

இரண்டாவது வழி, அழுத்தத்தைக் குறைப்பது. கோலி சோடாவின் கோலியைத் தட்டியதும் அழுத்தம் விடுபட்டு வாயு நுரைத்து எழுவதை நாம் பார்த்திருக்கிறோம். அதுபோல, கிணற்றுக்குள் நிற்கும் தண்ணீரைப் பம்பு வைத்து இறைத்துவிட்டால் சுற்றியுள்ள அடுக்கின் மீதான அழுத்தம் குறையும், கூண்டுகள் உடையும். அதே மாலிக்கில் 2007-இல் இப்படி இறைத்தபோது பன்னிரண்டரை மணி நேரத்தில் மணல் வந்து அடைத்தது. 2008-இல் மணலைத் தடுக்கும் சல்லடை பொருத்தி மீண்டும் முயன்றார்கள். ஆறு நாளில் சுமார் 13,000 கன மீட்டர் கிடைத்தது. வெந்நீரைவிடப் பம்பு மேல் என்று அன்றோடு முடிவாயிற்று.

மூன்றாவது வழிதான் கேட்க மிக அழகானது. கரியமில வாயுவை (கார்பன் டைஆக்சைடு) உள்ளே செலுத்தினால் அது மீத்தேனை வெளியேற்றிவிட்டுக் கூண்டுக்குள் தான் குடியேறும். வாயுவும் கிடைக்கும், கரியமில வாயுவும் புதைபடும், கூண்டும் உடையாமல் நிற்கும். 2012-இல் அலாஸ்காவின் வடசரிவில் ‘இக்னிக் சிக்குமி’ என்ற கிணற்றில் அமெரிக்க எரிசக்தித் துறையும் கோனோகோ பிலிப்ஸ் நிறுவனமும் ஜப்பானியரும் சேர்ந்து இதைச் சோதித்தார்கள். அங்குள்ள இனுப்பியாக் மக்களின் மொழியில் அந்தப் பெயருக்குப் ‘பனிக்குள் நெருப்பு’ என்று பொருள். வெறும் கரியமில வாயுவைச் செலுத்தினால் அதுவே புதிய ஹைட்ரேட்டாக உறைந்து பாதையை அடைத்துவிடும். அதனால் நைட்ரஜனையும் பெருமளவு கலந்தார்கள். பரிமாற்றம் நடப்பதற்கான அடையாளங்கள் தெரிந்தன. ஆனால் வேகம் மிகக் குறைவு. பின்னர் அங்கும் அழுத்தத்தைக் குறைத்துத்தான் வாயு எடுக்க வேண்டியிருந்தது.

ஆக, இன்றைக்குப் பயன்படும் கருவி பம்புதான். பம்பைப் போட்டதும் முன்னுக்கு வருவது மணல்.

தூணையே விறகாக்கினால்

ஜப்பானை ஒட்டிய நங்காய் அகழியில் 2013-இல் சிக்யூ கப்பல் துளையிட்ட இடத்தில் கடலின் ஆழம் சுமார் 1,000 மீட்டர். கடல்தரைக்குக் கீழே இன்னும் 300 மீட்டர் போனால் ஹைட்ரேட் உறைந்த மணல் அடுக்குகள். பூமிக்கடியில் பாறை என்றதும் கல்லும் கருங்கல்லும் மனத்தில் வரும். இங்கே அப்படி எதுவும் இல்லை. காலத்தால் இறுகாத இளம் வண்டல் அது. மணல்துகள்களுக்கு இடையிலுள்ள வெற்றிடத்தில் பாதிக்கு மேல் ஹைட்ரேட் நிரம்பி, சிமென்ட் போல அவற்றை ஒட்டிப் பிடித்திருக்கிறது.

நாம் எடுக்க விரும்புவது அந்தச் சிமென்டைத்தான். கூரையைத் தாங்கும் தூணை வெட்டி அடுப்பெரிப்பது போன்ற வேலை இது. சோறு வேகும், வீடு சாயும். ஹைட்ரேட் உருகிய கணத்தில் மணல்துகள்கள் பிடிமானத்தை இழக்கின்றன. வாயுவும் தண்ணீரும் கிணற்றை நோக்கிப் பாயும்போது மணலையும் அள்ளிக்கொண்டு வருகின்றன. சல்லடை அடைபடுகிறது அல்லது கிழிகிறது, பம்பு தேய்கிறது. 2013-இல் நடந்தது இதுதான். சரளைக்கற்களை நிரப்பி அமைத்திருந்த மணல்தடுப்பு ஆறாவது நாளில் தோற்றது.

சல்லடையை இன்னும் நெருக்கமாக்கிவிடலாமே என்று தோன்றும். கண்கள் சிறுத்தால் மண்துகள் சல்லடையின் முகத்திலேயே படிந்து அடைத்துக்கொள்ளும். மணல் நிற்கும், வாயுவும் நின்றுவிடும். கண்கள் பெருத்தால் இரண்டும் வரும். வாயு வர வேண்டும், மணல் வரக்கூடாது, ஆண்டுக்கணக்கில் அப்படியே நடக்க வேண்டும். ஆயிரம் மீட்டர் தண்ணீருக்கும் முந்நூறு மீட்டர் சேற்றுக்கும் அடியில், யாரும் இறங்கிச் சரிசெய்ய முடியாத இடத்தில்.

நான்கு ஆண்டு ஆய்வுக்குப் பிறகு 2017-இல் ஜப்பான் அதே கடற்பகுதிக்குத் திரும்பியது. இம்முறை இரண்டு கிணறுகள், புதுவகைச் சல்லடைகள். முதல் கிணற்றில் பன்னிரண்டு நாளில், 35,000 கன மீட்டர் வந்த நிலையில் மறுபடியும் மணல். இரண்டாவது கிணற்றில் 24 நாள் ஓடி ஏறத்தாழ 2 லட்சம் கன மீட்டர் கிடைத்தது. அங்கே மணல் அடங்கியிருந்தது. ஆனால் நாளாக ஆக உருகும் பரப்பு விரிந்து வாயு கூடும் என்ற எதிர்பார்ப்பு நிறைவேறவில்லை. ஒரு தடையைத் தாண்டியபோது அதன் பின்னால் மற்றொன்று நின்றிருந்தது.

குளிர் திருப்பி அடிக்கிறது

பனிக்கட்டி உருக வெப்பம் வேண்டும் என்பது எல்லோரும் அறிந்தது. ஹைட்ரேட் அதைவிடவும் அதிக வெப்பத்தைக் கேட்கும். கிடைக்கும் மீத்தேனை எரித்தால் வரும் வெப்பத்தில் ஏறத்தாழ 6 சதவீதத்துக்குச் சமமான வெப்பம் அதை விடுவிக்கவே செலவாகிறது. பம்பு வைத்து அழுத்தத்தைக் குறைக்கும் முறையில் இந்த வெப்பத்தை நாம் கொடுப்பதில்லை. சுற்றியுள்ள மண்ணிலிருந்து அது உறிஞ்சப்படுகிறது. உருக உருக அந்த இடம் தன்னைத்தானே குளிர்வித்துக்கொள்கிறது. குளிர்ந்தால் உருகும் வேகம் தணிகிறது. அழுத்தத்தை மேலும் குறைத்தால் நுண்துளைகளில் உள்ள தண்ணீரே பனியாக உறைந்து வழியை மூடிவிடக்கூடும். மண்ணின் ஆழத்திலிருந்து புதிய வெப்பம் ஊறி வரும் வேகம்தான் கடைசியில் உற்பத்தியின் வேகத்தை முடிவு செய்கிறது. அந்த ஊற்று மிக மெதுவானது. எவ்வளவு பெரிய பம்பு வைத்தாலும் அதை அவசரப்படுத்த முடியாது.

அடுத்தது தண்ணீர். 2013 சோதனையில் நாளொன்றுக்கு 20,000 கன மீட்டர் வாயு வந்தது. கூடவே சுமார் 200 கன மீட்டர் தண்ணீர். பன்னிரண்டாயிரம் லிட்டர் தண்ணீர் லாரி கணக்கில் பதினாறு, பதினேழு லாரி. அதை இடைவிடாமல் இறைத்தால்தான் அழுத்தம் குறைந்தே இருக்கும். பம்பு நின்றால் தண்ணீர் ஏறும், அழுத்தம் திரும்பும், உடைந்த கூண்டுகள் மறுபடியும் கட்டிக்கொள்ளும். வாயுவையும் தண்ணீரையும் கிணற்றுக்குள்ளேயே பிரித்துத் தனித்தனிக் குழாயில் ஏற்ற வேண்டும். குளிர்ந்த ஆழ்கடல் வழியே இரண்டும் கலந்து ஏறினால், ஹேமர்ஷ்மிட் கண்ட அதே அடைப்பு குழாய்க்குள் உருவாகும்.

இந்த அடைப்பின் வலிமையை உலகம் 2010 மே மாதம் நேரில் பார்த்தது. மெக்சிகோ வளைகுடாவில் டீப்வாட்டர் ஹொரைசன் துரப்பண மேடை வெடித்துச் சிதறியபின், 1,500 மீட்டர் ஆழத்தில் பீறிட்ட எண்ணெயைப் பிடிக்க நூறு டன் எடைகொண்ட எஃகுக் கூண்டு ஒன்றை இறக்கினார்கள். எண்ணெயோடு வந்த வாயு குளிர்ந்த கடல்நீரைச் சந்தித்ததும் ஹைட்ரேட் படிந்து கூண்டின் வாயை அடைத்தது. அந்த முயற்சியைக் கைவிட வேண்டியதாயிற்று. கசிவு மேலும் இரண்டு மாதம் நீடித்தது.

சீனாவின் சேறு

ஜப்பான் நல்ல மணலைத் தேடிப் போனது. சீனாவுக்குத் தென்சீனக் கடலின் ஷென்ஹூ பகுதியில் கிடைத்தது பெரும்பாலும் களிமண் கலந்த வண்டல். முகமாவு போல மெல்லிய துகள். அதற்குள் வாயு நகர்வதே கடினம். 2017-இல் 1,266 மீட்டர் ஆழக் கடலில் ‘நீலத் திமிங்கிலம்’ என்று பொருள்படும் பெயர்கொண்ட மாபெரும் மிதவை மேடையை நிறுத்தி 60 நாள் ஓட்டினார்கள். கிடைத்தது 3.09 லட்சம் கன மீட்டர். அந்த ஆண்டே சீன அரசு ஹைட்ரேட்டை நாட்டின் 173-ஆவது கனிமமாக அறிவித்தது. 2020-இல் செங்குத்தாக இறங்கி, பின் வளைந்து, அடுக்கின் நெடுகே கிடைமட்டமாகச் செல்லும் கிணறு ஒன்றைத் தோண்டி 30 நாளில் 8.61 லட்சம் கன மீட்டர் எடுத்தார்கள். சராசரியாக நாளொன்றுக்கு 28,700 கன மீட்டர்.

இது பெரிய முன்னேற்றம். ஆனால் ஆழ்கடலில் ஒரு கிணறு தன் செலவை மீட்க வேண்டுமானால் நாளொன்றுக்குப் பல லட்சம் கன மீட்டராவது வர வேண்டும். நல்ல வழக்கமான ஆழ்கடல் வாயுக் கிணறு பத்து லட்சத்தையும் தாண்டும். உலகின் சிறந்த ஹைட்ரேட் கிணறு அதன் அருகில்கூட இன்னும் வரவில்லை.

வங்கக் கடலில் நம் பங்கு

இந்தியா 1997-இலேயே தேசிய எரிவாயு ஹைட்ரேட் திட்டத்தைத் தொடங்கியது. ஹைதராபாதில் உள்ள தேசியப் புவி இயற்பியல் ஆராய்ச்சி நிறுவனத்தினர் உள்ளிட்ட ஆய்வாளர்கள் ஒலியலைப் பதிவுகளில் ஒரு குறிப்பிட்ட கோட்டைத் தேடினார்கள். கடல்தரையின் மேடுபள்ளத்தை அப்படியே ஒத்து, ஆனால் தரைக்குக் கீழே சில நூறு மீட்டர் ஆழத்தில் ஓடும் எதிரொலிக் கோடு அது. அதற்கு மேலே ஹைட்ரேட், கீழே கட்டற்ற வாயு என்பது அதன் பொருள். ஆனால் கோடு தெரிந்த இடமெல்லாம் செறிவான ஹைட்ரேட் இருக்கும் என்ற உறுதி இல்லை. துளையிட்டுப் பார்த்தால்தான் தெரியும்.

2006-இல் ‘ஜாய்டஸ் ரெசல்யூஷன்’ என்ற ஆய்வுக் கப்பல் 113 நாள் நம் கடல்களில் சுற்றி, 21 இடங்களில் 39 துளைகள் இட்டது. கிருஷ்ணா - கோதாவரிப் படுகையின் ஓர் இடத்தில் ஏறத்தாழ 130 மீட்டர் தடிமனுக்கு ஹைட்ரேட் இருந்தது. உலகமே திரும்பிப் பார்த்த கண்டுபிடிப்பு. ஆனால் அது களிமண்ணின் வெடிப்புகளுக்குள் உறைந்திருந்தது, கூம்பின் கீழ்ப்பகுதியைச் சேர்ந்தது. அந்தமான் கடலில் எரிமலைச் சாம்பல் அடுக்குகளில் ஹைட்ரேட் தென்பட்டது.

நங்காயில் சுடர் ஏற்றிய அதே சிக்யூ கப்பல் 2015-இல் வங்கக் கடலுக்கு வந்தது. ஓ.என்.ஜி.சி. முன்னின்று நடத்திய அந்தப் பயணத்தில் 25 இடங்களில் 42 துளைகள். இம்முறை தேடியதே மணலை. கிடைத்தது. கிருஷ்ணா - கோதாவரிக்கு எதிரே ஆழ்கடலில், பருமனான மணல் அடுக்குகளில் செறிவாக உறைந்த ஹைட்ரேட். இந்தியப் பெருங்கடலில் எடுக்கத் தகுந்த வாய்ப்புள்ள முதல் கண்டுபிடிப்பு இது என்று 2016-இல் அமெரிக்கப் புவியியல் ஆய்வு நிறுவனம் அறிவித்தது.

ஆழத்து ஹைட்ரேட் மாதிரிகளை மேலே கொண்டுவருவதே ஒரு தனிக்கலை. சாதாரணக் குழாயில் ஏற்றினால் பாதி வழியிலேயே உருகி, கப்பலுக்கு வெறும் சேறுதான் வந்து சேரும். அதனால் ஆழ்கடலின் அழுத்தத்தை அப்படியே உள்ளே பூட்டி எடுத்துவரும் குழாய்களைப் பயன்படுத்தினார்கள். பள்ளிக்கரணையில் இயங்கும் தேசியப் பெருங்கடல் தொழில்நுட்பக் கழகமும் ஹைட்ரேட் தேடலுக்கென்றே ஆழ்கடலில் தானாகத் துளையிட்டு மாதிரி எடுக்கும் கருவியையும், 6,000 மீட்டர் ஆழத்துக்கென வடிவமைத்த ஆளில்லா நீர்மூழ்கி வாகனத்தையும் உருவாக்கியது. சென்னையில் பலர் அன்றாடம் கடந்துபோகும் வளாகத்திலிருந்து புறப்பட்ட உழைப்பு இது.

இடம் தெரிந்துவிட்டது. ஆனால் அந்த மணல் அடுக்குகளுக்கு மேலே நிற்கும் கடலின் ஆழம் 1,500 மீட்டருக்கும் அதிகம். நங்காயைவிட ஆழம், கூடுதல் செலவு. எடுத்துப் பார்க்கும் சோதனை நம் கடலில் இன்னும் நடக்கவில்லை.

கடல்தரையின் உரிமை

உற்பத்தி செய்ய முடியும் என்றாலும் செய்யலாமா என்ற கேள்வி நிற்கிறது. ஹைட்ரேட் உருகிய அடுக்கு சுருங்கினால் கடல்தரை தாழும். அடுக்கு சரிவில் இருந்தால் சறுக்கும் ஆபத்து உண்டு. ஏறத்தாழ 8,200 ஆண்டுகளுக்கு முன் நார்வேக்கு அப்பால் ஸ்டொரேக்கா என்ற இடத்தில் நடந்த மாபெரும் கடலடிச் சரிவு ஆழிப்பேரலையை எழுப்பியது. அதில் ஹைட்ரேட்டுக்குப் பங்கு உண்டா என்று அறிவியலாளர்கள் நீண்டகாலம் விவாதித்தார்கள். 2004 டிசம்பரை நேரில் கண்ட வங்கக் கடற்கரையில் அந்தக் கேள்வியை யாரும் இலேசாகக் கடந்துவிட முடியாது. கடலில் உற்பத்திச் சோதனைகள் எல்லாம் சில வாரங்களே நடந்தன. பத்து, இருபது ஆண்டு எடுத்தால் தரை எப்படி நடந்துகொள்ளும் என்று அவற்றை வைத்துச் சொல்லிவிட முடியாது.

மீத்தேன் தானும் ஓர் ஆபத்து. நூறாண்டுக் கணக்கில் ஒரு டன் மீத்தேன், ஒரு டன் கரியமில வாயுவைவிட ஏறத்தாழ 28 மடங்கு பூமியைச் சூடாக்கும். இருபது ஆண்டுக் கணக்கில் 80 மடங்கு. ஆழ்கடலில் மெல்லக் கசியும் மீத்தேனில் பெரும்பகுதியைக் கடல்நீரிலுள்ள நுண்ணுயிர்கள் உண்டுவிடுகின்றன என்பது ஆறுதல். ஆனால் கிணற்றிலும் குழாயிலும் கப்பலிலும் கசிவது நேரே காற்றில் கலக்கும். எரித்தாலும் அது புதைபடிவ எரிபொருள்தான். நிலக்கரியைவிடத் தூய்மை என்று சொல்லலாம், கரியமில வாயு வராது என்று சொல்ல முடியாது.

அந்த இருட்டில் உயிரும் இருக்கிறது. கிருஷ்ணா - கோதாவரிப் படுகையில் மீத்தேன் கசியும் ஊற்றுகளைச் சுற்றி, சூரிய ஒளியே இல்லாமல் வேதிப்பொருளை உண்டு வாழும் மட்டிகளையும் புழுக்களையும் கோவாவில் உள்ள தேசியப் பெருங்கடலியல் நிறுவனத்தினர் கண்டறிந்திருக்கிறார்கள். ஹைட்ரேட்டைத் தேடிப் போகிறவர்கள் அவற்றின் வாசலில்தான் போய் நிற்பார்கள்.

நாட்களை எண்ணுங்கள்

ஹைட்ரேட் பற்றிய ஒவ்வொரு சோதனைச் செய்தியிலும் கன மீட்டர் கணக்கு தலைப்பில் வரும். நான் அதற்குப் பதிலாக நாட்களை எண்ணிப் பார்க்கிறேன். மாலிக்கில் வெந்நீர் ஐந்து நாள், பம்பு ஆறு நாள். நங்காயில் ஆறு நாள், பிறகு பன்னிரண்டு, பிறகு இருபத்து நான்கு. ஷென்ஹூவில் அறுபது, பிறகு முப்பது. அலாஸ்காவில் ப்ரூடோ வளைகுடாப் பகுதியில் அமெரிக்காவும் ஜப்பானும் 2023 இறுதியில் தொடங்கிய சோதனை, கடல் அல்லாத உறைநிலத்தில், ஏறத்தாழ பத்து மாதம் ஓடியது. இந்த வரிசையைப் பார்த்தால் அறிவு வளர்ந்துகொண்டிருப்பது தெரிகிறது. ஒரு வாயு வயல் இருபது ஆண்டாவது ஓட வேண்டும் என்பதை அதன் பக்கத்தில் வைத்தால் போக வேண்டிய தூரமும் தெரிகிறது.

இதற்கிடையே உலகம் காத்திருக்கவில்லை. 2018 நிதியாண்டுக்குள் வணிக உற்பத்திக்கான தொழில்நுட்பத்தை முடித்துவிடுவோம் என்று ஜப்பான் இலக்கு வைத்திருந்தது. தனியார் திட்டங்கள் 2023 - 2027 காலத்தில் தொடங்க வேண்டும் என்றும் திட்டமிட்டிருந்தது. அதற்குள் அமெரிக்காவில் ஷேல் பாறை வாயு பெருகிவிட்டது, திரவ எரிவாயு வணிகம் விரிந்துவிட்டது, சூரிய மின்சாரம் மலிந்துவிட்டது. ஹைட்ரேட் தன் மணலை மட்டும் வென்றால் போதாது. அது வந்து சேரும் நாளில் அதைவிட மலிவான எதுவும் சந்தையில் இருக்கக்கூடாது.

அதனால் இந்த ஆய்வை விட்டுவிடலாமா? கூடாது. இந்தியா பயன்படுத்தும் இயற்கை எரிவாயுவில் ஏறத்தாழ பாதி வெளிநாட்டிலிருந்து கப்பலில் வருகிறது. எங்கோ ஒரு நீரிணையில் போர் மூண்டால் இங்கே உரத் தொழிற்சாலை தடுமாறுகிறது. நம் கடலுக்கு அடியில் என்ன இருக்கிறது, அதைத் தொட்டால் என்ன ஆகும் என்று நாமே அறிந்திருப்பது அவசியம். ஹைட்ரேட் பற்றிய அறிவு எடுப்பதற்கு மட்டும் பயன்படுவதில்லை. ஆழ்கடலில் குழாய் பதிக்கவும், சரிவுகளைக் கணிக்கவும், கடல் சூடாகும்போது அந்த மீத்தேன் என்ன செய்யும் என்று முன்னறியவும் அதே அறிவுதான் வேண்டும்.

விட வேண்டியது அந்த 1,894 லட்சம் கோடியை. எடுக்க வழி தெரியாத இருப்பை நாட்டின் கைவசமுள்ள சொத்துபோல மேடையில் அடுக்கும்போது, அதை நம்பி இன்றைய முடிவுகள் தள்ளிப்போகும் ஆபத்து இருக்கிறது. அதற்குப் பதில் கிருஷ்ணா - கோதாவரியின் மணல் அடுக்கில் ஒரே ஒரு கிணறு, சில நாள் அல்ல, சில மாதம் ஓடும் சோதனை. கிணற்றைச் சுற்றிக் கடல்தரை ஒரு சென்டிமீட்டர் தாழ்ந்தாலும் சொல்லும் கருவிகள். கசியும் மீத்தேனை அளக்கும் உணரிகள். முடிவு எதுவானாலும் மறைக்காமல் மக்கள் முன் வைக்கும் அறிக்கை. எண்ணெய் நிறுவனத்தோடு மீனவர்களும் கடலுயிர் ஆய்வாளர்களும் முதல் நாளிலிருந்தே அமரும் மேசை.

அப்படிச் செய்து, இதை எடுக்கக் கூடாது என்ற விடை வந்தாலும் அது வீண் செலவாகாது. நங்காயில் சுடர் அணைந்தபின் ஜப்பானியர் அந்தத் தோல்வியை அப்படியே விட்டுவிடவில்லை. மணல்தடுப்பு ஏன் தோற்றது என்று நான்கு ஆண்டு ஆராய்ந்தார்கள். அடுத்த முறை ஒரு கிணறாவது இருபத்து நான்கு நாள் ஓடியது அதனால்தான்.